இரண்டு முறை மிதிக்க வேண்டிய பிரேக்

அந்த வீட்டுக் கார் கெட்டுப்போனதே கிடையாது. வாங்கி ஒன்பது வருடமாகிறது. நடுச்சாலையில் நின்றிருக்கிறது, சிக்னலில் புகைந்திருக்கிறது, வேகத்தடை தாண்டும்போது பின்கதவு தானாகத் திறந்து காற்று வாங்கியிருக்கிறது. ஆனால் கெட்டுப்போய்விட்டது என்று அந்த வீட்டில் யாரும் வாயைத் திறந்ததில்லை. திறக்க வீட்டுக்காரர் விட்டதில்லை.

காரணம் மச்சினன். கார் வந்த அன்று மனைவியின் தம்பி வந்து அதை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தான். குடும்பமாக நாலு பேர் தாராளமாக உட்காரலாம், பின்னால் நீளமான டிக்கி, பார்வைக்கு லட்சணமான வண்டிதான். அவன் டயரைக் காலால் ஒரு தட்டு தட்டிவிட்டு, "போயும் போயும் இந்த மாடலையா எடுத்தீங்க மாமா? ரோட்ல ஓடுற நேரத்தைவிட ஒர்க்‌ஷாப்புல படுத்திருக்கிற நேரம் ஜாஸ்தி. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல," என்றான்.

கேட்டிருக்கலாம்தான். அவனைக் கேட்கக் கூடாது என்பதற்காகவே அவசரமாக வாங்கிய கார் அது. அன்றிலிருந்து அதற்குக் குறை என்று ஒன்று வர அனுமதி இல்லாமல் போயிற்று.

குறையைக் குறையாகத் தெரியாமல் செய்வது அவருக்குத் தொழில். தண்ணீர் வாரியத்தின் கடிதப் பிரிவில் தலைமை எழுத்தர். வருகிற புகார்களுக்கெல்லாம் பதில் எழுதுகிறவர். இருபத்தாறு வருடமாக எழுதுகிறார். குழாய் உடைந்துவிட்டது என்று இதுவரை ஒரு கடிதத்திலும் எழுதியதில்லை. உடைந்தால் அது 'விநியோகத்தில் தற்காலிக மாற்றம்'. தண்ணீர் கலங்கி வந்தால், 'பத்து நிமிடம் திறந்துவிட்டுப் பின்னர் பிடிக்கும் முறையைக் கடைப்பிடிக்கவும்'. தண்ணீரே வராவிட்டால், 'மேற்படி தெருவுக்கு முறை வைத்து வழங்கப்படுகிறது'. வாரியத்தில் அவருக்கு 'முறை' என்றே பட்டப்பெயர் விழுந்துவிட்டது. அது அவர் காதுக்கும் வந்தது. அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

காருக்கும் அப்படியே முறைகள் வந்தன. பிரேக் ஒரே மிதியில் பிடிக்காமல் போனபோது இரண்டு முறை மிதிப்பது முறையாயிற்று. ஸ்டியரிங் இடப்பக்கம் இழுக்கத் தொடங்கியபோது, சாலைகள் எல்லாம் இடப்பக்கமாகச் சரிந்திருப்பதாகவும், அதற்காகச் சற்று வலப்பக்கம் ஒடித்துப் பிடிப்பதே முறை என்றும் முடிவாயிற்று. வருடத்துக்கு ஒன்றிரண்டாகச் சேர்ந்து, மொத்தம் பதினாலு.

அதுவரைக்கும் யாருக்கும் நஷ்டமில்லை. அவர் ஒருவர்தான் ஓட்டினார், அவருக்குப் பழகியும் போய்விட்டது. வம்பு வந்தது மனைவிக்குப் பதவி உயர்வு வந்தபோது.

அவர் மனைவி மருத்துவமனையில் செவிலியர். இருபத்தொரு வருடமாகப் பகல் பாதி, இரவு பாதி என்று ஷிப்ட் பார்த்தவர். படுக்கையை விட்டு எழ முடியாத நோயாளிகளை வீட்டுக்கே போய்ப் பார்க்கும் ஒரு பிரிவை மருத்துவமனை புதிதாகத் தொடங்கியது. அதற்குப் பொறுப்பாளராக அவரைப் போட்டிருந்தார்கள். காலை எட்டிலிருந்து மாலை நாலு வரை வேலை. ஞாயிறு விடுமுறை. இனி ஷிப்ட் கிடையாது. மருத்துவமனை சிறிய கார் ஒன்றும் கொடுக்கும், ஆனால் ஓட்டுநர் கொடுக்காது. ஆகவே அடுத்த மாத முடிவுக்குள் ஓட்டுநர் உரிமத்தைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பதவி, சீனியாரிட்டிப் பட்டியலில் அடுத்து இருப்பவருக்குப் போய்விடும். அந்த அடுத்தவர், உரிமம் கிடைத்ததா என்று தினம் ஒரு தடவை அக்கறையாக விசாரித்துக்கொண்டிருந்தார்.

டிரைவிங் ஸ்கூலில் சேரட்டுமா என்று மனைவி கேட்டதற்கு, வீட்டில் காரை வைத்துக்கொண்டு ஊரான் வண்டியில் எதற்குப் பழக வேண்டும் என்று அவர் கேட்டார். அன்று மாலையே பதினாலு முறைகளையும் தாளில் வரிசையாகத் தட்டச்சு செய்து, எண் போட்டு, கீழே தேதி போட்டுக் கொடுத்தார்.

மனைவி நல்ல மாணவி. டாக்டர் சீட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதை எழுதிய அளவில், எழுதிய நேரத்தில் செய்து பழகியவர். நான்காம் முறைப்படி கிளட்சைக் கடைசி வரை மேலே எடுத்து, கூடவே ஆக்சிலரேட்டரை அழுத்தினார். வண்டி நகர்ந்தது. ஆறாம் முறைப்படி பிரேக்கை இரண்டு தரம் மிதித்தார். வண்டி நின்றது.

அது என்ன இரண்டு தரம் என்று முதல் நாளே கேட்டார்.

"முதல் மிதி வண்டிக்குத் தகவல். ரெண்டாவது மிதிதான் உத்தரவு," என்றார் அவர்.

"எல்லா வண்டியிலயும் இப்படித்தானா?"

"நல்ல வண்டியில எல்லாம்."

பதினோராவது முறை டேஷ்போர்டில் எரியும் மஞ்சள் விளக்கைப் பற்றியது. என்ஜின் படம் போட்ட அந்த விளக்கு மூன்று வருடமாக அணையாமல் எரிகிறது. வண்டி விழிப்பாக இருக்கிறது என்பதற்கு அது அடையாளம் என்று தாளில் இருந்தது. ஒருநாள் மேடு ஏறும்போது அது கொஞ்ச நேரம் அணைந்துவிட, மனைவி பயந்துபோய் வண்டியை ஓரம் கட்டிவிட்டார்.

ஆறு வாரத்தில் அவர் கணவரைப் போலவே ஓட்டினார். சொல்லப்போனால் இன்னும் ஒழுங்காகவே ஓட்டினார்.

தேர்வுக்கு மூன்று நாள் இருக்கும்போது கணவர் விண்ணப்பப் படிவத்தின் பின்பக்கத்தைப் படித்தார். அச்சடித்த எதற்கும் பின்பக்கத்தைப் படிக்காமல் விடுகிற பழக்கம் அவருக்கு இல்லை. 'தேர்வுக்குக் கொண்டுவரும் வாகனம் பழுதற்றதாக இருக்க வேண்டும். எச்சரிக்கை விளக்குகள் எரியக் கூடாது' என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தரம் படித்தார். அப்போதும் அப்படியேதான் இருந்தது.

மறுநாள் காலை, வண்டியைக் கழுவக் கொடுக்கிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு மெக்கானிக்கிடம் கொண்டுபோனார். மெக்கானிக் அதிகம் பேசாத ஆள். வண்டியைத் தெருமுனை வரை ஓட்டிப்போய்த் திரும்பி வந்தவர், இறங்கியதும் என்ஜினைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்தார்.

"சார், யாரு ஓட்டுறா இதை?"

"நானும் என் சம்சாரமும்."

"அவங்க மேல ஏதாவது கோவமா?"

வண்டி எப்போது கிடைக்கும் என்று மட்டும் அவர் கேட்டார். மெக்கானிக் இரண்டு நாளில் கிளட்ச் பிளேட், பிரேக்கின் மாஸ்டர் சிலிண்டர், ஸ்டியரிங்குக்குக் கீழே தேய்ந்துபோயிருந்த மூட்டுகள், மஞ்சள் விளக்கை எரியவைத்த சென்சார், பின்கதவுப் பூட்டு எல்லாவற்றையும் மாற்றினார். கழற்றிய பழைய சாமான்களை, வழக்கம்போல, ஒரு சாக்கில் கட்டி டிக்கியில் வைத்தார். மாற்றினேன் என்பதற்கு அதுதான் அவர் கொடுக்கும் ரசீது.

வண்டியை எடுத்துவரும்போது அது இரண்டு இடத்தில் துள்ளியது. வீட்டு வாசலில் கேட்டுக்கு ஒரு முத்தம் கொடுத்துவிட்டு நின்றது. எல்லாம் புதிதாகப் போட்டதால் கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது, போகப் போகச் சரியாகிவிடும் என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டார். ஓட்டை வண்டியையே அப்படி ஓட்டியவள் நல்ல வண்டியை இன்னும் நன்றாக ஓட்டமாட்டாளா என்றும் தோன்றியது. கணக்கு சரியாகத்தான் இருந்தது. மனைவிக்கு அந்த இரண்டு நாளும் டியூட்டி, வண்டியைத் தொட நேரமில்லை.

சொல்லிவிடலாமா என்று தேர்வு நாள் காலையில் ஒரு கணம் நினைத்தார். என்ன ரிப்பேர் என்று கேட்பாள். ஒன்றைச் சொன்னால் பதினாலையும் சொல்ல வேண்டும். கடைசியில், "வண்டி இன்னைக்குக் கொஞ்சம் சுறுசுறுப்பா இருக்கும்," என்று மட்டும் சொல்லிவைத்தார்.

தேர்வு மைதானம் வரை அவரே ஓட்டினார். பக்கத்தில் மனைவி கண்ணை மூடிக்கொண்டு பதினாலையும் வாய்க்குள் ஒப்பித்தபடி வந்ததால் வழியில் நடந்த குலுக்கல்களைக் கவனிக்கவில்லை. மஞ்சள் விளக்கு எரியாததை மட்டும் கவனித்தார். வண்டி தூங்குகிறதா என்று கேட்டார். இல்லை, ஓய்வெடுக்கிறது என்றார் கணவர்.

ஆய்வாளர் ஒரு பெண்மணி. நெற்றி வரை இறங்கிய தொப்பி, கையில் அட்டையில் செருகிய படிவம். வண்டியைச் சுற்றிப் பார்த்து, விளக்குகளைப் போடச் சொல்லி, திருப்தியோடு ஏறி உட்கார்ந்தார். மதிய உணவுக்கு முன் முடித்துவிடலாம் என்ற முகம். கணவர் கம்பிவேலிக்கு வெளியே நின்றுகொண்டார்.

மனைவி சாவியைத் திருப்பிப் பத்து எண்ணினார். அது தாளில் இருந்த இரண்டாவது முறை. பிறகு கிளட்சை மேலே எடுத்தபடி ஆக்சிலரேட்டரை நன்றாக அழுத்தினார். வண்டி நின்ற இடத்திலிருந்து பாய்ந்தது. கால் பங்கு வலப்பக்கம் ஒடித்துப் பிடித்திருந்த ஸ்டியரிங்கும் இந்தத் தரம் சொன்ன பேச்சைக் கேட்டது. ஆரஞ்சு நிறக் கூம்புகள் மூன்று வரிசையாகச் சாய்ந்தன. மனைவி உடனே வண்டிக்குத் தகவல் கொடுத்தார். வண்டி அதையே உத்தரவாக எடுத்துக்கொண்டு அந்த இடத்திலேயே அறைந்து நின்றது. ஆய்வாளரின் தொப்பி டேஷ்போர்டு மேல் போய் விழுந்தது. அவர் நிமிர்ந்து உட்கார்வதற்குள் உத்தரவும் வந்து சேர்ந்தது.

ஆய்வாளர் இறங்கி, வேலிப்பக்கம் பார்த்து விரலை அசைத்தார். இது வண்டிக் கோளாறா, ஓட்டியவர் கோளாறா என்று அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. ஒரு சுற்று ஓட்டிக் காட்டச் சொன்னார்.

கணவர் ஏறி உட்கார்ந்தார். வண்டி நல்ல நிலையில் இருப்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். ஆகவே மெதுவாக, கவனமாக ஓட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். நினைத்தது தலை. கால்களுக்கு ஒன்பது வருடப் பழக்கம். வண்டி பாய்ந்தது. மிச்சமிருந்த கூம்புகளில் இரண்டு போயின. தகவல், உத்தரவு இரண்டும் போயின. ஆய்வாளர் இந்தத் தடவை முன்ஜாக்கிரதையாகத் தொப்பியைக் கையில் பிடித்திருந்தார்.

"ரெண்டு பேருக்கும் ஒரே கையெழுத்தா இருக்கே," என்றார் இறங்கியதும்.

மனைவிக்கு முகம் சிவந்திருந்தது. வேலையில் இத்தனை வருடத்தில் ஒரு ஊசிகூடத் தவறாகப் போட்டவரில்லை. கைப்பையிலிருந்து தாளை எடுத்து ஆய்வாளரிடம் நீட்டினார். "மேடம், நான் தப்பா எதுவும் பண்ணல. இதுல எப்படிப் போட்டிருக்கோ அப்படியே பண்ணேன். வேணும்னா பாருங்க."

ஆய்வாளர் நின்றபடியே பதினாலையும் படித்தார். பதினோராவதை மட்டும் இரண்டு தரம் படித்தார். அவர் முகத்தில் இருந்தது கோபமா, வேறு ஏதாவதா என்று கணவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. யார் எழுதியது என்று கேட்கவில்லை. எழுதியவர் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தார், நிற்கிற தோரணையிலேயே தெரிந்தது.

படிவத்தில் தோல்விக்கான காரணம் என்று மூன்று கட்டங்கள் இருந்தன. தேர்வர், வாகனம், பிற. தேர்வர் என்று குறித்தால் முப்பது நாள் கழித்துத்தான் மறுதேர்வு. மாதம் முடிய இரண்டே நாள் இருந்தது. வாகனம் என்று குறித்தால் அன்றைக்கே இன்னொரு வாய்ப்பு உண்டு. ஆனால் ஆய்வாளர் தாமே ஏறி ஒரு சுற்று ஓட்டிப் பார்த்ததில், வாகனமோ அன்று அந்த மைதானத்திலேயே ஒழுங்கான வாகனம். வாகனம் சரியாக இருந்ததால் தேர்வர் தோற்றார் என்று எழுத அரசாங்கம் கட்டம் போடவில்லை என்றார் ஆய்வாளர். மிச்சம் இருப்பது 'பிற'. அதைக் குறிக்க வேண்டுமானால் சம்பந்தப்பட்டவர் கைப்பட ஒரு கடிதம் எழுதி இணைக்க வேண்டும். நடந்தது நடந்தபடி இருக்க வேண்டும். அப்படி இருந்தால் நாலு மணிக்குக் கடைசி வண்டியாக எடுத்துக்கொள்வார்.

கடிதம் என்றதும் கணவருக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து ஐந்தே நிமிடத்தில் எழுதிக் கொடுத்தார். 'மேற்படி வாகனத்தின் இயக்க நடைமுறையில் அண்மையில் ஏற்பட்ட மேம்பாட்டின் காரணமாக' என்று அது தொடங்கியது.

ஆய்வாளர் முதல் வரியோடு திருப்பிக் கொடுத்துவிட்டார். "சார், எங்க தெருவுக்கு எட்டு நாளா தண்ணி வரலன்னு எழுதினேன். இதே நடையிலதான் பதில் வந்துச்சு. நீங்க எங்க வேலை பார்க்கிறீங்க?"

அவர் சொன்னார். ஆய்வாளர் தலையை மட்டும் ஆட்டினார்.

இரண்டாவது கடிதத்தில் 'பராமரிப்பில் ஏற்பட்ட இடைவெளி' என்று இருந்தது. அதுவும் திரும்பி வந்தது. மூன்றாவது தாளை எடுத்தபோது மனைவி பின்னால் வந்து நின்றார். என்ன எழுதப்போகிறார் என்று பார்க்கவே வந்து நின்றது தெரிந்தது. வெளியே யாரோ கூம்புகளை நிமிர்த்தி வைத்துக்கொண்டிருந்தார்கள். பேனா தாளில் வைத்த இடத்திலேயே நின்று, ஒரு மைப்புள்ளி பெரிதாகிக்கொண்டே போனது.

இருபத்தாறு வருடத்தில் எழுதாத ஒரு சொல்லை அவர் அன்று எழுதினார்.

'என் கார் பழுது. ஒன்பது வருடமாகப் பழுது. பழுது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதையெல்லாம் ஓட்டும் முறை என்று என் மனைவிக்குச் சொல்லிக் கொடுத்தேன். நேற்றும் முந்தாநாளும்தான் பழுது பார்த்தேன். அதையும் அவளிடம் சொல்லவில்லை. அவள் மேல் பிழை இல்லை.'

மனைவி அதை முழுக்கப் படித்தார். ஆய்வாளரிடம் கொடுக்கும் முன் இன்னொரு தரம் படித்தார். அந்த இரண்டாவது தரம் கணவருக்குத் திட்டைவிட மோசமாக இருந்தது.

ஆய்வாளர் 'பிற' கட்டத்தில் குறியிட்டார். மணி பன்னிரண்டே கால்.

வெளியே வந்ததும் கணவர் மெதுவாக ஒரு யோசனை சொன்னார். பழைய சாமான்கள் எல்லாம் டிக்கியில் சாக்கிலேயே இருக்கின்றன. மெக்கானிக் மனது வைத்தால் மூன்று மணிக்குள் திரும்ப மாட்டிவிடலாம். மஞ்சள் விளக்கை மட்டும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி மறைத்துவிட்டால் போதும்.

மனைவி அவரைப் பார்த்தார். வார்டில் மாத்திரை சாப்பிட மறுக்கும் நோயாளியைப் பார்க்கிற பார்வை. "சாவியைக் குடுங்க. நீங்க பின்னாடி உக்காருங்க," என்றார்.

மெக்கானிக்கை முன்சீட்டில் ஏற்றிக்கொண்டு, வாரியத்தின் பின்னாலிருந்த காலி மைதானத்துக்குப் போனார்கள். மெக்கானிக் மூன்று மணி நேரத்தில் மொத்தமாகப் பேசியது பத்துச் சொல் இருக்கும். அதில் ஆறு, 'போதும்'. கிளட்ச் பாதி வரும்போது போதும். பிரேக் ஒரு மிதி போதும். மனைவி முதல் அரைமணி நேரம் வண்டியை முயல் மாதிரி குதிக்கவிட்டார். அப்புறம் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு உட்கார்ந்தார். கால் சொல்வதைக் கேட்காமல், வண்டி சொல்வதைக் கேட்டு மெல்ல மெல்ல எடுத்தார். நரம்பு தேடி ஊசி போடுகிற கை. பிடிபட்டதும் விட மாட்டாது. பின்சீட்டில் கணவர் ஒவ்வொரு திருப்பத்திலும் தரையை இரண்டு தரம் மிதித்துக்கொண்டிருந்தார். மூன்றாவது சுற்றில் மெக்கானிக் திரும்பிப் பார்த்து, "சார், அதுவும் போதும்," என்றார்.

நாலு மணிக்கு மனைவி ஒரு கூம்பை உரசினார். ஆனால் எதையும் சாய்க்கவில்லை. பத்து எண்ணாமல் கிளப்பினார், ஒரே மிதியில் நிறுத்தினார். ஆய்வாளர் இறங்கும்போது தொப்பி தலையிலேயே இருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு, அந்தப் பதினாலு முறைத் தாளை அலுவலகத்துக்கென்று வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்குக் காட்ட வேண்டுமாம். மனைவி தாராளமாகக் கொடுத்துவிட்டார்.

வீடு வரை மனைவியே ஓட்டினார். வீட்டுக்குள் போனதும் முகம் கழுவக் குழாயைத் திறந்தவர் அப்படியே நின்றார். அந்தக் குழாயை முழுதாகத் திறந்து, கால் பங்கு மூடினால்தான் தண்ணீர் வரும். எத்தனையோ வருடமாக அப்படித்தான்.

"இது?" என்றார்.

கணவர் வாசற்படியைத் தாண்டாமல் நின்றார். "பழுது."

"ஹால் ஜன்னலைத் தூக்கிப் பிடிச்சு இழுக்கணும்னீங்களே?"

"பழுது."

"வாஷிங் மெஷின் ஓடும்போது அதுக்கு முட்டுக் குடுத்து உக்காரச் சொல்றது?"

அதுவும்தான். காலிங் பெல், இஸ்திரிப் பெட்டி, சமையலறை சுவிட்ச் என்று மனைவி அறை அறையாக நடந்து கேட்டார். அவர் பின்னாலேயே நடந்து ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னார். நாலைந்துக்குப் பிறகு அந்தச் சொல் அவர் வாயில் கரடுமுரடில்லாமல் வரத் தொடங்கியிருந்தது. இது இவ்வளவு சின்னச் சொல்லா என்றுகூடத் தோன்றியது. மாடிக்கு ஏறும் படியின் கீழே மனைவி நின்றார்.

"கொஞ்ச நாளா படியில பக்கவாட்டுல இறங்குறீங்களே, கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு. அது என்ன?"

"அது முறை," என்றார் கணவர். "வயசானா அப்படி இறங்குறதுதான் நல்லது."

மனைவி குனிந்து அவருடைய வலது முழங்காலைக் கட்டைவிரலால் ஒரு இடத்தில் அழுத்தினார். அவர் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"நாளைக்கு ஒன்பது மணிக்குக் கிளம்பி நில்லுங்க. எலும்பு டாக்டர் பத்து மணிக்கு வருவார்," என்றார் மனைவி. "நான் கூட்டிட்டுப் போறேன்."